முதலில் கூடு, பிறகு கோழி

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான வாழ்வாதாரப் பயிற்சி நாளில், கிராமப் பொதுநோக்கு மண்டபத்தில் எமது கால்நடை வெளிக்கள அலுவலர் ஆற்றிய உரை. பேசிய படியே தரப்படுகிறது.)

அம்மாமார், ஐயாமார், அக்கா தங்கச்சிமார், கைப்பிள்ளையோடு இந்த வெயிலுக்குள் நடந்து வந்த எல்லாருக்கும் நன்றி. வெளியில் மர நிழலில் இன்னும் சிலர் நிற்கிறீர்கள். உள்ளே இடம் இருக்கிறது, வாருங்கள்.

கோழி வளர்ப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித் தர நான் வரவில்லை. இங்கே இருக்கிற அம்மாமாரில் பலர் நான் பிறக்க முந்தியே கோழி அடை வைத்தவர்கள். இடம்பெயர முந்தி இந்த ஊரில் கோழி இல்லாத வளவு இருந்திருக்காது. ஆனால் அப்போது இருந்த வளவு வேறு, இப்போது வந்து நிற்கிற வளவு வேறு. அப்போது நாலு பக்கமும் வேலி இருந்தது. கோழி படுக்கப் பழைய குடாப்பு இருந்தது. நாய்க்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான். பக்கத்து வளவு துப்புரவாக இருந்தது. இப்போது வேலி இல்லை, வளவுக்குள்ளேயே பற்றைக்காடு, சனம் இல்லாத காலத்தில் பெருகின கட்டாக்காலி நாய்கள், அதோடு நரி, மரநாய், கீரி. இந்த இடத்தில் பழைய மாதிரிக் கோழியைத் திறந்து விட்டால் ஒரு கிழமைகூடத் தாங்காது. அதைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப்போகிறேன்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறேன். வேறொரு கிராமத்தில், சனம் திரும்பி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்துக் கோழி கொடுத்தோம். அதே கிழமையில் கத்தரி, மிளகாய், வெண்டி, பயிற்றை விதைப் பைக்கற்றும் கொடுத்தோம். கூட்டுக்கான தகரமும் கம்பி வலையும் வர மூன்று கிழமை பிந்திவிட்டது. நாங்கள் அடுத்த தரம் போய்ப் பார்த்தபோது, சில வீடுகளில் தறப்பாள் கொட்டிலுக்குள் கட்டிலின் காலில் கோழியைக் கட்டி வைத்திருந்தார்கள். பல வீடுகளில் கோழியே இல்லை. ஒரு அம்மா கோபப்படாமல் கணக்குச் சொன்னா: நாங்கள் கொடுத்த விதை முளைத்தது, அதை நாங்கள் கொடுத்த கோழி கிளறித் தின்றது, அந்தக் கோழியை மரநாய் தின்றது, தனக்கு மிஞ்சினது விதைப் பைக்கற்றின் உறைதான் என்று. அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆகவே இந்த ஊரில் ஒழுங்கை மாற்றியிருக்கிறோம். கூடு முடிந்து, தோட்டத்துக்கு வேலி அடைத்த குடும்பத்துக்குத்தான் கோழி வரும். இது உங்களைக் காக்க வைக்கிற வேலை அல்ல. தந்த கோழி உங்களிடமே நிற்கவேண்டும் என்பதற்காக.

கூடு எங்கே வைப்பது? வளவில் எங்கேயும் வைக்கலாம் என்று நினைக்கவேண்டாம். வெடிபொருள் அகற்றி முடித்து, இறங்கலாம் என்று உங்களுக்குக் காட்டித் தந்த நிலத்தில் மாத்திரம் தூணுக்குக் குழி கிண்டுங்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை நிற்கிற பக்கம் கம்பு வெட்டவோ, முள் வெட்டவோ போகவேண்டாம். பற்றைக்குள் கிடக்கிற இரும்புப் பெட்டி, குழாய், தகரம் ஒன்றையும் கூட்டுக்கு நல்லது என்று தூக்கி வரவேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். இதைக் கோழிப் பேச்சுக்குள் ஏன் சொல்லுகிறேன் என்றால், கோழிக்குப் பலகையும் தெரியாது, நாடாவும் தெரியாது. அது பற்றைக்குள் ஓடும், அதைத் துரத்திக்கொண்டு ஓடுவது பிள்ளைகள். கள்ளமாய்ப் பற்றைக்குள் முட்டையிடுகிற கோழியைப் பின்தொடர்ந்து போய் முட்டை தேடுவதும் பிள்ளைகள்தான். கோழி பற்றைக்குள் போனால் போகட்டும், பொழுதுபட வரும், வராவிட்டால் ஒரு கோழி போனது என்று பிள்ளைகளுக்கு இன்றைக்கே சொல்லி வையுங்கள். கூட்டுக்குள் முட்டையிடப் பழக்குவதும், வளவைச் சுற்றிப் பற்றையை வெட்டி வெளியாக்குவதும் அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கூடு வீட்டு வாசலில் இருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கட்டும். பதினைந்து இருபது அடி போதும். இரவில் கோழி கத்தினால் ரோச் அடித்துப் பார்க்கக்கூடிய தூரம். தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்துகிற அம்மாமார் இரவில் இருட்டுக்குள் வளவின் கோடிக்குப் போகத் தேவையில்லாத இடமாகப் பார்த்து வையுங்கள். கிணற்றுக்குக் கிட்ட வைக்கவேண்டாம். மழை வெள்ளம் கூட்டடியில் இருந்து கிணற்றுப் பக்கம் ஓடாத இடமாக, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கமாக இருக்கவேண்டும்.

இனி அளவு. பத்துப் பேட்டுக்கோழிக்கும் ஒரு சேவலுக்கும் ஆறு அடி நீளம், நாலு அடி அகலம் போதும். இது இரவு படுக்கைக்கு. பகலில் வெளியே விடுவதால் இந்த அளவு காணும். நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்படி வைத்தால் ஒரு நீளப்பக்கம் வடக்கைப் பார்க்கும், மற்றது தெற்கைப் பார்க்கும். எங்களுக்கு மழையும் வாடையும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகிழக்கில் இருந்து வரும். ஆகவே வடக்குப் பக்கத்தைப் பலகையாலோ பனைமட்டையாலோ இறுக்கி அடைத்துவிடுங்கள். தெற்குப் பக்கம் வலை. சோழகம் வீசுகிற மாதங்களில் காற்று அந்த வலையால் நுழைந்து கூட்டைக் குளிர வைக்கும். கிழக்குத் தலைப்புக்குக் கீழ்ப்பாதி அடைப்பு, மேற்பாதி வலை. மாரியில் அந்த மேற்பாதிக்கு ஒரு கிடுகுத் தட்டியைத் தொங்கவிட்டு, தை பிறந்து மழை விட்ட பிறகு கழற்றி எடுத்து வையுங்கள். கோழிக்குக் குளிரைவிட ஈரமும் புழுக்கமும்தான் எதிரி. நாலு பக்கமும் தகரத்தால் மூடின கூட்டை நான் பார்த்திருக்கிறேன். கள்ளனுக்குப் பயந்து அடித்தது. மத்தியானம் அதற்குள் கை வைக்க முடியாது. அடையில் இருந்த கோழி முட்டையை விட்டு எழும்பிவிட்டது.

தளம் நிலத்தில் இருந்து மூன்று அடி உயரத்தில் இருக்கவேண்டும். ஒன்று, கீரி நிலத்தைக் கிண்டி உள்ளே வராது. இரண்டு, எச்சம் கீழே விழும், கூட்டி அள்ளலாம். மூன்று, வெள்ளம் வந்தால் கோழி நனையாது. நாலு மூலைக்கும் நடுவுக்கும் சேர்த்து ஆறு தூண். இரண்டு அடி நிலத்துக்குள்ளே போகட்டும். முன் தூண் ஒன்பது அடிக் கம்பு, பின் தூண் எட்டு அடி. அப்போது முன்பக்கம் உள்ளுயரம் நாலு அடி, பின்பக்கம் மூன்று அடி வரும். கூரை வடக்கே சரியும். தூணின் அடிப்பாகத்துக்குக் கழிவு ஒயில் பூசாமல் நட்டால் ஒரு மாரிக்குள் கறையான் முடித்துவிடும். சைக்கிள் கடையிலோ உழவு இயந்திரம் வைத்திருக்கிறவரிடமோ கேட்டால் ஒரு போத்தல் கிடைக்கும்.

தளத்துக்குப் பனஞ்சிலாகை நல்லது. இல்லாவிட்டால் நேரான கம்புகளைப் பிளந்து அடிக்கலாம். ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் அரை அங்குல வெளி விடுங்கள். அதைவிடக் குறைந்தால் எச்சம் தங்கும், கூடினால் குஞ்சின் கால் மாட்டும்.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் மலிவாகக் கிடைக்கிற அறுகோணக் கோழி வலை, கோழியை உள்ளே மறித்து வைக்கத்தான் செய்தது. நாயை வெளியே மறிக்க அது காணாது, பழைய வலையைப் பெரிய நாய் பல்லால் பிய்க்கும். உங்களுக்குத் தரப்போகிறது கொஞ்சம் தடித்த வலை, ஆனால் அளவாகத்தான் இருக்கும். அதைத் தளத்தில் இருந்து இரண்டு அடி உயரம் வரைக்கும் இழுத்து அடித்துவிட்டு, அதற்கு மேலே சாதாரண வலையைப் பிடியுங்கள். வலையை ஆணியால் மட்டும் அடிக்காமல், அதன் மேலே ஒரு மெல்லிய சட்டம் வைத்து அடித்தால் மரநாய் விளிம்பைக் கிளப்பாது. தூண் ஒவ்வொன்றுக்கும் நடுவில், ஒரு அடி அகலத்துக்கு, பழைய எண்ணெய்த் தகரத்தை வெட்டி விரித்துச் சுற்றி அடியுங்கள். தென்னைக்கு எலி ஏறாமல் தகரம் அடிக்கிறோமே, அதே வேலைதான். எலி, மரநாய் இரண்டுக்கும் அது வழுக்கும்.

கதவுதான் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது. கயிற்றால் கட்டின கதவை மரநாய் தலையால் தள்ளித் தள்ளியே திறக்கும். ஒரு கொளுக்கி போட்டு, அதன் மேலே ஒரு கம்பித் துண்டை முறுக்கி விடுங்கள். கோழி ஏறுகிற சிறிய வாசல் தெற்குப் பக்கத்தில் ஒரு அடிச் சதுரமாக இருந்தால் போதும். அதற்குச் சாய்த்து வைக்கிற ஏணியை இரவில் எடுத்து வீட்டடியில் வைத்துவிடுங்கள். காசு செலவில்லாத காவல் அது. முட்டை எடுக்க, கூட்ட, உங்களுக்கு ஒரு பெரிய கதவு மேற்குத் தலைப்பில் இருக்கட்டும்.

உள்ளே இரண்டு இருப்புக் கம்பு வேண்டும், இரண்டும் ஒரே உயரத்தில், தளத்துக்கு மேலே ஒன்றரை அடியில். ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்தால் உயர்ந்ததுக்கு எல்லாம் அடிபடும். கம்பு ஒன்றரை, இரண்டு அங்குலப் பருமன், தோல் நீக்கி உருட்டி எடுத்தது. முட்டைக்கு மூன்று பெட்டி. பலகைப் பெட்டிதான் வேண்டும் என்றில்லை. பழைய கடகம், பழப்பெட்டி, அடி வெட்டின எண்ணெய்க் கொள்கலன், எதுவும் சரி. இருட்டு மூலையில், இருப்புக் கம்பைவிடத் தாழ வையுங்கள். உயரத்தில் வைத்தால் கோழி அதற்குள்ளே படுத்து எச்சமிடும். ஒரு பெட்டியில் எப்போதும் ஒரு கூமுட்டையையோ வெள்ளைக் கல்லையோ விட்டு வைத்தால் மற்றக் கோழிகளும் அங்கேயே இடும்.

கூரைக்குத் தகரம் என்றால் அதன் மேலே கிடுகு போட்டுக் கட்டுங்கள். வெறும் தகரத்தின் கீழே பங்குனி, சித்திரை வெயிலில் கோழி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கிடுகுக் கூரை என்றால் பாம்பும் எலியும் ஓலைக்குள் இருக்கும், மாதம் ஒரு தரமாவது தடியால் தட்டிப் பாருங்கள். எந்தக் கூரையானாலும் சுற்றிவர ஒன்றரை அடி வெளியே நீட்டி, தூணோடு கம்பியால் இழுத்துக் கட்டுங்கள். கார்த்திகைக் காற்று வந்த பிறகு கட்டுவோம் என்று நினைத்த வீட்டுத் தகரம் பக்கத்து வளவில்தான் கிடக்கும்.

குஞ்சுக்கோழியைப் பற்றி. குஞ்சோடு நிற்கிற தாயை மற்றக் கோழிகளோடு படுக்க விடவேண்டாம். இரவில் வீட்டுக்குள்ளே கரப்பால் மூடி, கரப்பின் மேலே ஒரு கல் வையுங்கள். பகலில் முதல் மூன்று நாலு கிழமை கரப்புக்குள், மர நிழலில். காகமும் பிராந்தும் இங்கே பட்டப்பகலில் குஞ்சைத் தூக்கும். அடை வைப்பது நீங்கள் அறிந்தது, இருபத்தொரு நாள், ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை. ஏழாம் நாள் இரவில் முட்டையை ரோச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நரம்பு ஓடாததை எடுத்துவிட்டால் மற்ற முட்டைக்குச் சூடு நன்றாகக் கிடைக்கும்.

கோழி வந்த அன்றைக்கே திறந்து விடவேண்டாம். அது எந்தப் பண்ணையில் இருந்து வந்ததோ அதுதான் அதற்கு வீடு. ஏழு முதல் பத்து நாள் கூட்டுக்குள்ளேயே தீனும் தண்ணீரும் வைத்து மறித்து வையுங்கள். பிறகு முதல் நாள் பின்னேரம் நாலரைக்கு மேலே திறந்து விடுங்கள். இருட்ட இன்னும் ஒன்றரை மணித்தியாலம்தான் இருக்கும், தூரம் போகாது. பொழுதுபட முந்தி கூட்டுக்குள்ளே குறுணலையோ தவிட்டையோ தூவி, வழமையாகக் கூப்பிடுகிற குரலில் கூப்பிடுங்கள். கோழிக்கு ஒரு சிறாங்கை. வெளியில் மேய்கிற ஊர்க்கோழிக்கு அந்த அளவே மிச்சத்தைச் சரிக்கட்டும். அந்தச் சிறாங்கைத் தீனைக் காலையில் கொடுக்காமல் பின்னேரம் கூட்டுக்குள் கொடுப்பதுதான் கோழியை வீட்டுக்குக் கூட்டி வருகிற கயிறு.

இனித் தோட்டம். கோழி கிளறுவது குறும்பு அல்ல, அதன் பிழைப்பு. மண் எங்கே பொதுபொதுப்பாக, ஈரமாக, புழுவோடு இருக்கிறதோ அங்கே போகும். நீங்கள் பாடுபட்டுக் கொத்தித் தண்ணீர் விட்ட பாத்தியைவிட நல்ல இடம் இந்த வளவில் அதற்கு எங்கே இருக்கிறது? ஆகவே இரண்டு வேலை செய்யவேண்டும். பாத்தியை அடைக்கவேண்டும், கோழிக்கு வேறு இடம் கொடுக்கவேண்டும். அடைப்பதை எல்லாரும் செய்வார்கள், இடம் கொடுப்பதை மறந்துவிடுவார்கள்.

கூட்டுக்குப் பின்னால் ஒரு குப்பைமேடு வையுங்கள். சருகு, வைக்கல், குசினிக் கழிவு எல்லாம் அங்கே. கோழி நாள் முழுக்க அதைக் கிளறும், நீங்கள் மண்வெட்டி பிடிக்காமல் பசளை புரளும். அதற்குப் பக்கத்தில் நிழலில் மூன்று அடி நீளம், இரண்டு அடி அகலத்தில் ஒரு ஆழமில்லாத குழி. மணலும் அடுப்புச் சாம்பலும் போடுங்கள். கோழி அதில் புரண்டு குளிக்கும், பேன் செத்துவிடும். இந்தக் குழி இல்லாவிட்டால் உங்கள் கத்தரிக் கன்றின் அடியில்தான் குளிக்கும்.

வேலியைப் பற்றிச் சொல்லவேண்டியது கொஞ்சம் கூட. எல்லாரும் முதலில் வளவு முழுவதையும் அடைக்கப் பார்க்கிறீர்கள். கால் ஏக்கர், அதாவது நாலு பரப்பு வளவைச் சுற்றி வர நானூறு அடிக்கு மேலே வேலி வேண்டும். அவ்வளவு கிடுகும் கதியாலும் இந்த வருடம் யாரிடமும் இல்லை. இருபதுக்கு இருபது அடித் தோட்டம் என்றால் எண்பது அடி. ஒரு குடும்பத்தின் கறிக்கு அது போதும். கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கமாக அதை வையுங்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எங்கள் ஊர்களில் எல்லைக் கதியால் வெறும் தடி அல்ல. அரை அடி தள்ளி நட்ட கதியாலுக்காகப் பரம்பரைக்குக் கதைக்காமல் விட்ட குடும்பங்கள் உண்டு. இப்போது பலரிடம் காணி உறுதி இல்லை, பழைய வேலி இருந்த அடையாளமும் இல்லை, பக்கத்து வளவுக்காரர் சிலர் இன்னும் வந்து சேரவில்லை. அவர்கள் இல்லாத நேரம் நீங்கள் எல்லையில் கதியால் போட்டால், கோழிக்காகப் போட்டது என்று அவர்களுக்கு யார் சொல்லுவது? ஆகவே எல்லை அளந்து தீரும் வரைக்கும், வேலியை உங்கள் வளவுக்குள்ளே, தோட்டத்தைச் சுற்றிப் போடுங்கள். அதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

கதியாலுக்குக் கிளிசீரியா, கிளுவை, பூவரசு, முள்முருக்கு, கிடைப்பதை நடுங்கள். முதல் மழையோடு நட்டால் வேர் பிடிக்கும். அரை அடிக்கு ஒன்று, நிலத்துக்கு மேலே ஐந்து அடி. கீழ் இரண்டு அடியைப் பனைமட்டையாலோ கிடுகாலோ நெருக்கி அடையுங்கள், ஏனென்றால் கோழி பறந்து போவதைவிட நுழைந்து போவதுதான் கூட. மேலே குறுக்குத் தடி வைத்துக் கட்டவேண்டாம். கோழி நேரே பறந்து வேலியைத் தாண்டாது. முதலில் மேலே ஏறி இருந்து, பிறகு அந்தப் பக்கம் குதிக்கும். இருக்க இடம் இல்லாவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். குறுக்குத் தடியை நடுவில் கட்டுங்கள். படலையின் கீழே கை நுழைகிற வெளி இருந்தால் எண்பது அடி வேலியும் வீண்.

கடற்கரைப் பக்கத்தில் சொந்தக்காரர் இருந்தால் கழித்த மீன்வலை கிடைக்கும். மேலே பிடிக்க நல்லது. ஆனால் தொய்யவிடாமல் இழுத்துக் கட்டுங்கள், நிலத்தில் குவிந்து கிடக்க விடவேண்டாம். கோழியின் கால் சிக்கும், பாம்பு சிக்கும், சிக்கின பாம்பின் மேலே நீங்கள் கை வைப்பீர்கள்.

அப்படியும் தாண்டுகிற ஒரு கோழி எந்த வீட்டிலும் இருக்கும். அதற்கு ஒரு பக்கச் செட்டையின் நீள இறகுகளை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை பிசகாது, பறக்கும். இரத்தம் ஓடுகிற புது இறகின் தண்டை வெட்டவேண்டாம். இறகு உதிர்த்து முளைத்தால் திரும்ப வெட்டவேண்டி வரும். எல்லாக் கோழிக்கும் இதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். நாய் வந்தால் மரத்தில் ஏறித் தப்புவதற்கு அதற்கு இருக்கிறது அந்தச் செட்டை ஒன்றுதான்.

நாற்றுமேடை நிலத்தில் வேண்டாம். நாலு கம்பு நட்டு மூன்றரை அடி உயரத்தில் ஒரு பரண் கட்டி, அதன் மேலே வெட்டின உரப்பை, பழைய வாளி, சிரட்டை, இவற்றில் நாற்றைப் போடுங்கள். மேலே காய்ந்த முள்ளுக் கொப்பு இரண்டு. மிளகாய், கத்தரி நாலைந்து கிழமையில் நடுகிற பருவம் வரும். நட்ட பிறகு ஒவ்வொரு கன்றின் அடியிலும் மூன்று பொச்சுமட்டையைக் கவிழ்த்து நெருக்கி வையுங்கள். கிளற முடியாது, ஈரமும் காயாது. பன்னாடையைச் சுற்றிக் கட்டினாலும் சரி. மிளகாய் உறைப்பு, கோழி தொடாது என்று நினைக்கவேண்டாம். கோழிக்கு உறைப்புத் தெரியாது, பழுத்த மிளகாயை ஒன்று விடாமல் கொத்தும்.

முருங்கை, வாழை, தேசி, கறிவேப்பிலை, ஆளுயரத்துக்கு வந்த பப்பாசி, வேர் பிடித்த மரவள்ளி, இவற்றுக்கு வேலி தேவையில்லை. அவற்றை வேலிக்கு வெளியே நடுங்கள்; கோழி அங்கே புழு பொறுக்கும், புல் பிடுங்கும். கீரை, பயிற்றை, வெண்டி, தக்காளி வேலிக்கு உள்ளே. ஒரு பாத்தி பிடுங்கி முடிந்தால், அடுத்ததைக் கொத்த முந்தி, படலையைத் திறந்து நாலைந்து நாள் கோழியை உள்ளே விடுங்கள். மண்ணுக்குள் இருக்கிற புழுவையும் களை விதையையும் பொறுக்கிவிடும். பகையாளி கூலியில்லாமல் வேலை செய்கிற நாள் அது ஒன்றுதான்.

நேரமும் ஒரு வேலிதான். காலையில் பத்து மணி வரைக்கும் கூட்டுக்குள் வைத்திருந்தால் பெரும்பாலான கோழி முட்டையிட்டுவிடும். முட்டையும் பற்றைக்குள் போகாது, நீங்களும் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டு முடிப்பீர்கள்.

பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குள் உங்கள் கோழி போனால் என்ன செய்வது? இதற்கு என்னிடம் தகரமோ வலையோ இல்லை. ஒரே தறப்பாளுக்குக் கீழே, ஒரே குழாயடியில் வரிசையில் நின்ற சனம், ஊருக்கு வந்து கோழிக்காகக் கதைக்காமல் விட்டதைக் கண்டிருக்கிறேன். நஞ்சு கலந்த சோறு வைத்து, கோழியோடு இன்னொரு வீட்டு ஆட்டுக்குட்டியும் செத்ததைக் கண்டிருக்கிறேன். கோழி வாங்க முந்தி பக்கத்து வீட்டுக்குப் போய், இன்ன நேரத்துக்குத் திறந்து விடப்போகிறோம், உங்கள் பாத்தி அடைத்து முடியும் வரைக்கும் நாங்கள் மறித்து வைக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பயிர் நாசமானால் முட்டையாகக் கொடுத்துத் தீருங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்த ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீடும் ஒரே நேரத்துக்குத் திறப்பது என்று முடிவெடுத்தால் இன்னும் நல்லது.

எச்சத்தைப் பச்சையாகக் கன்றடியில் போடவேண்டாம், வேர் கருகும். சருகோடு அடுக்கி, ஈரம் வைத்து, இரண்டு மூன்று மாதம் மூடி வைத்துப் பிறகு போடுங்கள். கீரைக்கு இதைவிட நல்ல பசளை கடையில் இல்லை.

வருத்தம் என்று வந்தால் எல்லாவற்றிலும் பொல்லாதது இராணிக்கெட். கழுத்துத் திருகும், பச்சையாய்க் கழியும், இரண்டு மூன்று நாளில் கூடு வெறுமையாகும். வந்த பிறகு மருந்து இல்லை. முந்தியே தடுப்பு மருந்து போடவேண்டும், அதுவும் சுகமாய் இருக்கிற கோழிக்கு. அந்த மருந்து ஒரு குப்பியில் நூறு கோழிக்கும் கூடவாக வரும், குளிரில் வைத்துக் கொண்டுவரவேண்டும், கலந்தால் அன்றைக்கே சில மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். ஆகவே ஒரு வீட்டுக்காக எடுப்பது சரிவராது. பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து பெயர் கொடுத்தால், அரச கால்நடை வைத்திய அலுவலகத்தோடு கதைத்து ஒரு நாளை ஒழுங்கு செய்யலாம். அந்த நாளில் கோழியைக் காலையில் திறந்து விடாமல் வைத்திருங்கள், அதுதான் பாதி வேலை. புதிதாக வாங்குகிற கோழியை இரண்டு கிழமை தனியே வையுங்கள். செத்த கோழியைப் பற்றைக்குள் எறியவோ, பழைய கிணற்றுக்குள் போடவோ வேண்டாம். ஆழமாய்ப் புதையுங்கள், துப்புரவாக்கின நிலத்தில்.

விற்பதைப் பற்றி ஒரு சின்ன விஷயம். முதல் தொகுதிக் குஞ்சு வளரும் வரைக்கும் தாய்க்கோழியை விற்கவேண்டாம் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்குகிறபோது கொப்பியும் சப்பாத்தும் வாங்க வேறு வழி இல்லாமல் இரண்டு கோழி விற்ற அம்மாவை நான் பிழை சொல்லமாட்டேன். கோழி வைத்திருக்கிறதே அதற்காகத்தான். சேவல்களை முதலில் கொடுங்கள், பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். நல்லாய் அடை கிடக்கிற கோழியைக் கடைசியாய்க் கொடுங்கள்.

சரி. மண்டபத்துக்குப் பின்னால் மாதிரிக் கூடு ஒன்று பாதியில் நிற்கிறது. தூணும் தளமும் அடித்தாயிற்று. வடக்குப் பக்கத்துக்கு மட்டை அடைக்கவும், கதவுக்குக் கொளுக்கி போடவும் இருக்கிறது. கிடுகு பின்னத் தெரிந்த அம்மாமார் இரண்டு பேர் தட்டிக்கு வேண்டும். ஏணி இன்னும் செய்யவில்லை, ஐயாமாரில் யாராவது சுத்தியலைப் பிடியுங்கள். மற்ற எல்லாரும் கிட்ட வந்து பாருங்கள், கை வைத்துப் பாருங்கள், பிழை இருந்தால் சொல்லுங்கள். பெயர் பதிகிற கொப்பி வாசலில் தங்கச்சியிடம் இருக்கிறது.